கோடிப் பேர் ஆடினால் அது நல்ல கேமா?

டிஸ்கி: இதை எழுதுவது கேம் எதிர்ப்பாளர் சங்கத் தலைவர் அல்ல. "எப்பப் பாரு போனு, எப்பப் பாரு கேமு" என்று ஆரம்பிக்கும் பெரியப்பாக்கள் கட்சியும் அல்ல. வைஸ் சிட்டியில் டாங்கி வரவழைக்கும் சீட் கோடை ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்த பரம்பரை நான். ஆகவே "நீ கேமே ஆடினதில்ல, உனக்கென்ன தெரியும்" என்று கல்லை எடுத்தவர்கள் அதைக் கீழே போட்டுவிட்டு மேலே படிக்கவும்.

மேட்டர் இதுதான். எங்கள் வகுப்பில் (பி.காம்., மூன்றாம் ஆண்டு, கடைசிக்கு முந்தின பெஞ்ச்) ஒரு கேமைக் காட்டி "இதுல அப்படி என்னடா இருக்கு?" என்று கேட்டால் ரெடிமேடாக ஒரு பதில் வரும். "கோடிக்கணக்குல ஆடுறாங்க மச்சி. அத்தனை பேரும் லூசா?" அவ்வளவுதான். வாதம் முடிந்தது. கோடிப் பேருக்குப் பிடித்தது உனக்குப் பிடிக்கவில்லை என்றால் கோளாறு உன்னிடம்தான்.

காலை எட்டு மணி பஸ்ஸில் படியில் தொங்கிக்கொண்டு போகிறவன் அந்த பஸ்ஸை ரசித்தா தொங்குகிறான்? கூட்டம் இருக்கிறது என்பது ஒரு தகவல். ஏன் இருக்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கி ஜல்லியடிப்பதைத்தான் இன்றைக்குத் துவைத்துக் காயப்போடலாம் என்றிருக்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்வோம். பிடிக்காதது வேறு, புரியாதது வேறு.

டார்க் சோல்ஸ் (2011) எனக்குப் பிடிக்காது. செத்துச் செத்து விளையாட எனக்குப் பொறுமை இல்லை. ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று நன்றாகவே புரிகிறது. இருபது தடவை உங்களை நசுக்கிய ஒரு பூதம் இருபத்தோராவது தடவை விழும்போது கை நடுங்குமே, அந்த நடுக்கத்துக்காக ஆடுகிறார்கள். ரெட் டெட் ரிடம்ப்ஷன் 2 (2018) இன்னும் மோசம். குதிரைக்குத் தீனி போடு, குதிரையைத் தேய்த்து விடு, மானை வேட்டையாடித் தோலை உரி, அதைக் குதிரையில் ஏற்று... எங்கள் ஊரில் இதற்குக் கூலி கேட்பார்கள். ஆனாலும் ஆர்தர் மார்கன் என்கிற அந்த மனுஷன் மெல்ல மெல்லத் தேய்ந்து போவதைக் கூடவே இருந்து பார்க்க அந்த நிதானம் தேவைதான் என்று ஒப்புக்கொள்கிறேன். மைன்கிராஃப்டில் இலக்கே கிடையாது என்று நான் புலம்புவேன். என் தங்கை அதில் எங்கள் தாத்தா வீட்டைத் திண்ணை, முற்றத்தோடு கட்டி வைத்திருப்பதைப் பார்த்த பிறகு புலம்பல் நின்றுவிட்டது.

பப்ஜியும் அப்படித்தான். நூறு பேர் பாராசூட்டில் குதிக்கிறார்கள், வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது, கடைசியில் ஒருவன். கபடி மாதிரி, கண்ணாமூச்சி மாதிரி, பார்த்த மாத்திரத்தில் புரிகிற ஆட்டம். 2020 செப்டம்பரில் தடை வந்தபோது எங்கள் தெருவில் துக்கம் அனுஷ்டித்தார்கள். அது நியாயமான துக்கம்தான் :-)

அதனால் என் கேள்வி இந்த கேம்களைப் பற்றி அல்ல. ஆடுகிறவனுக்கே ஏன் ஆடுகிறோம் என்று தெரியாத கேம்களைப் பற்றி.

ஒரு சின்ன சோதனை வைத்திருக்கிறேன். நீங்களும் செய்து பாருங்கள். தினமும் ஒரு கேமைத் திறக்கிற நண்பனிடம் "இதுல உனக்கு எது பிடிக்கும்?" என்று கேளுங்கள். பப்ஜிக்காரன் ஒரு கதை சொல்வான். பாலத்தடியில் ஒளிந்திருந்தது, ஒரே ஒரு குண்டு மிச்சமிருந்தது, வட்டம் வந்து கொண்டிருந்தது என்று டீ ஆறும் வரை பேசுவான். நான் சொல்லும் ரகத்தில் வரும் பதில்கள் வேறு. "தினமும் லாகின் பண்ணலன்னா ஸ்ட்ரீக் போயிடும்." "இவ்ளோ காசு போட்டாச்சு, இப்ப விட்டா வேஸ்ட்." "நான் போகலன்னா க்ளான்ல திட்டுவாங்க." இந்த மூன்றிலும் எங்கேயாவது விளையாட்டு இருக்கிறதா? முதலாவது பயம், இரண்டாவது நஷ்டக் கணக்கு, மூன்றாவது அட்டென்டன்ஸ். அட்டென்டன்ஸுக்குத்தான் ஏற்கெனவே காலேஜ் இருக்கிறதே ஐயா!

இந்த வகையின் பாட்டி ஃபார்ம்வில். 2009 ஜூனில் ஜிங்கா நிறுவனம் ஃபேஸ்புக்கில் இறக்கிவிட்டது. 2010 தொடக்கத்தில் மாதத்துக்கு 8 கோடிப் பேருக்கு மேல் அதில் விவசாயம் பார்த்தார்கள். எங்கள் அக்காவும் ஒருத்தி. ஸ்ட்ராபெரி நட்டால் நாலு மணி நேரத்தில் விளையும். விளைந்ததும் வந்து பறிக்க வேண்டும். ரொம்ப நேரம் வராவிட்டால் வாடிப்போகும். அக்காவுக்கு வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலைச் செடி எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆனால் ஸ்ட்ராபெரிக்காக அலாரம் வைத்திருந்தாள். நடுவது ஒரு கிளிக், பறிப்பது ஒரு கிளிக். இரண்டுக்கும் நடுவில் நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரம்தான் கேம். கிளிக் செய்வதற்கு எந்தத் திறமையும் வேண்டாம், எதுவும் யோசிக்க வேண்டாம். மண்டையில் ஒரு ஓரமாக அது உட்கார்ந்துகொண்டே இருந்தால் போதும்.

இதைப் பார்த்து எரிச்சலான ஒரு மனிதர் செய்த காரியத்தை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பெயர் இயன் போகோஸ்ட். அப்போது அமெரிக்காவில் ஜார்ஜியா டெக்கில் பேராசிரியராக இருந்தவர், அவரே கேம் செய்கிறவர். 2010 ஜூலையில் கௌ கிளிக்கர் என்று ஒரு ஃபேஸ்புக் கேமை வெளியிட்டார். முழுக்க முழுக்க கிண்டலுக்காக. உங்களுக்கு ஒரு மாடு கொடுப்பார். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை அதைக் கிளிக் செய்யலாம். கிளிக் எண்ணிக்கை ஒன்று கூடும். அவ்வளவுதான் கேம். ஆறு மணி நேரம் காத்திருக்க முடியாது என்றால் காசு கொடுத்து உடனே கிளிக்கலாம். வேறு மாடு வேண்டும் என்றாலும் காசு. அதில் ஒரு மாடு, முதல் மாடேதான், திசை மட்டும் திரும்பி நிற்கும். அதற்கும் தனி விலை!

இந்த மாதிரி கேம்களின் அபத்தத்தைக் காட்டிவிட்டோம், பார்க்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்திருப்பார் பாவம். 50,000 பேருக்கு மேல் வந்து ஆடினார்கள். கிண்டல் என்று தெரிந்து வந்தவர்கள் கொஞ்சம், தெரியாமல் வந்தவர்கள் மிச்சம். புது மாடு எப்போ வரும் என்று கேட்டார்கள். அவரும் விதவிதமாக மாடு வரைந்து கொடுத்தார். கிண்டல் செய்யப் போனவர் கடைசியில் மாட்டுத் தரகர் ஆகிவிட்டார். வெறுத்துப்போய், ஒரு நாள் எல்லா மாடுகளும் மறைந்துவிடும் என்று அறிவித்துக் கடிகாரத்தை ஓடவிட்டார். காசு கட்டினால் அந்த நாள் கொஞ்சம் தள்ளிப்போகும் என்றும் வைத்தார். கட்டினார்கள்! 2011 செப்டம்பர் 7 அன்று மாடுகள் மறைந்தன. மாடு நின்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

அதன் பிறகும் அந்தக் காலி இடத்தைச் சிலர் கிளிக் செய்துகொண்டிருந்தார்கள்.

'கோடிப் பேர் ஆடுறாங்க' வாதத்துக்கு இதைவிடப் பெரிய பதில் எனக்குத் தெரியவில்லை. ஒன்றுமே இல்லாத இடத்துக்கும் ஆள் வரவழைக்க முடியும். வந்தவர்களை எண்ணி ஒரு எண்ணையும் காட்ட முடியும். கேம் கம்பெனிகள் பெருமையாக வெளியிடும் 'தினசரி ஆடுகிறவர்கள்' கணக்கு, திரும்பி வந்தவர்களைத்தான் எண்ணுகிறது. சந்தோஷமாக வந்தானா, சலித்துக்கொண்டு வந்தானா என்பதற்கு அதில் காலம் கிடையாது.

இந்த இடத்தில் நான் படிக்கிற படிப்புக்குக் கொஞ்சம் மரியாதை செய்துகொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பொருளியலில் 'குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி' என்று ஒன்று பிளஸ் ஒன்னிலேயே வந்துவிடும். முதல் லட்டு அமிர்தம், இரண்டாவது பரவாயில்லை, ஐந்தாவது திகட்டும். விற்கிறவனுக்கு இது பெரிய தலைவலி. எவ்வளவு நல்ல கேமாக இருந்தாலும் ஒரு கட்டத்தில் போதும் என்று வைத்துவிடுவோம். கேண்டி க்ரஷ் (2012) இந்தத் தலைவலிக்குக் கண்டுபிடித்த மாத்திரை பிரமாதம். ஐந்து உயிர். தோற்றுப் போனால் ஒன்று போகும். ஐந்தும் போனால், ஒரு உயிர் திரும்பி வர அரை மணி நேரம் காத்திரு, இல்லையென்றால் காசு கொடு, இல்லையென்றால் நண்பனிடம் கேள். அதாவது, திகட்டுவதற்குள் கடைக்காரனே தட்டைப் பிடுங்கிக்கொள்கிறான். நமக்கோ லட்டு பிடித்திருந்ததா என்று யோசிக்கக்கூட நேரமில்லை, பிடுங்கிவிட்டானே என்ற கோபம்தான் மிச்சம். அந்தக் கோபத்தைப் பசி என்று நினைத்துக்கொண்டு அரை மணியில் திரும்பிப் போகிறோம்.

அதை நடத்தும் கிங் நிறுவனம் 2014ல் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தபோது கணக்கைத் திறந்து காட்ட வேண்டியதாயிற்று. 2013 கடைசிக் காலாண்டில் அவர்களுடைய கேம்களை ஆடியவர்களில் காசு கொடுத்தவர்கள் 100க்கு 4 பேர்தான். அந்த வருஷ வருமானமோ 188 கோடி டாலர். "பார்த்தியா, 96 பேர் ஓசியிலதான் ஆடுறாங்க, யாருக்கு என்ன நஷ்டம்?" என்று என் நண்பன் ஒருவன் இதையே எனக்கு எதிராகத் திருப்பினான். நல்ல கேள்விதான். ஆனால் கடையில் காசு கொடுக்காமல் உட்கார்ந்திருப்பவன் எதற்கு உட்கார வைக்கப்பட்டிருக்கிறான் என்று யோசிக்க வேண்டும். கேண்டி க்ரஷில் அவன் விளம்பரத் தட்டி. உயிர் கேட்டு ஊரெல்லாம் கடுதாசி போட்டு ஆள் சேர்க்கிறான். க்ளாஷ் ஆஃப் க்ளான்ஸில் (2012) இன்னும் விசேஷம். அங்கே ஒரு கட்டடத்தை உயர்த்த முதலில் நிமிஷம், அப்புறம் மணி, அப்புறம் நாள் கணக்கில் ஆகும். காசு கொடுத்து ரத்தினம் வாங்கினால் உடனே முடியும். காசு கொடுத்தவன் வேகவேகமாகக் கோட்டை கட்டிவிட்டு யாரைப் போய் அடிப்பான்? காத்துக்கொண்டிருக்கிற ஓசிக்காரனின் கிராமத்தைத்தான். ஓசிக்காரன் அங்கே வாடிக்கையாளன் இல்லை, சரக்கு.

இதெல்லாம் போன் கேம், நாங்கள் ஆடுவது சீரியஸான கேம் என்று மூக்கை உயர்த்தும் ஹாஸ்டல் கால்பந்து ரசிகர்கள் கொஞ்சம் இருங்கள். உங்களுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஃபிஃபா நல்ல கேம். (2023 முதல் பெயர் மாறி இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி. பெயருக்கான சண்டை தனிக் கதை.) இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்கையால் இடித்துக்கொண்டு ஆடும்போது அதைப்போல ஒன்று கிடையாது. நான் சொல்வது அதற்குள் இருக்கும் அல்டிமேட் டீம். ஃபிஃபா 09ல் கூடுதல் சரக்காக நுழைந்தது, இன்று வீட்டுக்காரனையே வெளியே தள்ளிவிட்டது. வீரர்களெல்லாம் கார்டு. கார்டு வேண்டும் என்றால் நாள் கணக்கில் ஆடிச் சம்பாதிக்கலாம், அல்லது காசு கொடுத்துப் பேக் வாங்கிப் பிரிக்கலாம். பேக்கில் எம்பாப்பே இருப்பாரா, பெயர் தெரியாத கோல்கீப்பர் இருப்பாரா என்பது பிரித்தால்தான் தெரியும். ஃபிஃபா 19லிருந்து பேக்கின் மேலேயே வாய்ப்பு விகிதம் போடுகிறார்கள். பெரிய ஆட்களுக்கு நேராக 'ஒரு சதவீதத்துக்கும் குறைவு' என்று இருக்கும். படித்துவிட்டே வாங்குகிறார்கள் நம் ஆட்கள். புள்ளியியல் பேப்பரில் நிகழ்தகவில் பத்து மார்க் வாங்கியவன் உட்பட.

சரி, வாங்கியாயிற்று. எம்பாப்பேயே வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வருஷம் புதுப் பதிப்பு வரும். உங்கள் டீம் அதற்கு வராது. திரும்பவும் சைபரிலிருந்து. ஒரு டேபிள் வாங்கினால் பத்து வருஷம் தேய்மானம் போடுகிறோம். லாரிக்குக்கூடச் சில வருஷம் உண்டு. ஒரே வருஷத்தில் நூறு சதவீதம் தேய்கிற சொத்தை, தேயும் தேதி முன்கூட்டியே தெரிந்து, வரிசையில் நின்று வாங்குவதை எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. ரம்மிக்காரனுக்காவது ஜெயித்தால் நாலு காசு வரும் என்று ஒரு நப்பாசை. பணம் வைத்து ஆடும் அந்த மாதிரி ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்க 2025ல் நாடாளுமன்றம் சட்டமே போட்டது. பேக்கில் அந்த நப்பாசைக்குக்கூட இடமில்லை, கார்டை வெளியே விற்பது கம்பெனி விதிப்படியே குற்றம்.

இஏ நிறுவனத்துக்கு 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் அல்டிமேட் டீம்களிலிருந்து மட்டும் வந்தது 162 கோடி டாலர். (கால்பந்து, அமெரிக்கக் கால்பந்து, ஐஸ் ஹாக்கி எல்லாம் சேர்த்து.) மொத்த வருமானத்தில் கால் பங்குக்கு மேல். 2018ல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் இந்த மாதிரிப் பேக்குகள் சூதாட்டம்தான் என்று சொல்லிவிட்டது. 2019 ஜனவரியில் அந்த நாட்டில் காசுக்குப் புள்ளிகள் விற்பதை இஏ நிறுத்தியது. நெதர்லாந்திலும் ஒரு கோடி யூரோ அபராதம் வரை போனது, 2022ல் உயர் அமைப்பு அதை ரத்து செய்துவிட்டது. ஆக, சட்டம் என்ன சொல்கிறது என்பதில் நாட்டுக்கு நாடு தகராறு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். எனக்கு சுவாரசியமாகப் படுவது வேறு. பெல்ஜியத்தில் பேக் விற்பனை நின்றது, கேம் நிற்கவில்லை. பந்து அப்படியே உருண்டது. அப்படியானால் அந்தப் பேக்குக்கும் கால்பந்துக்கும் என்ன சம்பந்தம்?

2019ல் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு முன்னால் இதே கம்பெனியின் அதிகாரி ஒருவர், இவையெல்லாம் சூதாட்டப் பெட்டிகள் அல்ல, ஆச்சரியம் தரும் ஏற்பாடுகள் என்று விளக்கம் சொன்னார். குழந்தைகளுக்கான கின்டர் முட்டை மாதிரியாம். கின்டர் முட்டையில் சாக்லேட்டாவது மிஞ்சும் மேடம்.

"சினிமாவுக்கு 200 ரூபாய் குடுக்கிற, அதுவும் மூணு மணி நேரத்துல போயிடுதே" என்பார்கள். போகட்டுமே. சினிமா மூன்று மணி நேரத்தில் முடிந்து, விளக்கைப் போட்டு, என்னை வெளியே அனுப்புகிறது. நாளைக்கு வராவிட்டால் இன்றைக்குப் பார்த்த இடைவேளை வரைக்கும் அழித்துவிடுவேன் என்று மிரட்டுவதில்லை. 2013ல் வந்த ஃப்ளாப்பி பேர்டை எடுத்துக்கொள்ளுங்கள். வியட்நாமின் டோங் நுயென் என்ற ஒற்றை ஆள் செய்தது. பத்து நொடியில் சாவீர்கள், திரும்ப ஆடுவீர்கள், மண்டை காயும். ஆனால் விட்டுவிட்டுப் போனால் எதுவும் கேட்காது. அந்த மனுஷன் ஜனங்கள் அதற்கு அடிமையாவதைப் பார்த்து, விளம்பரக் காசு கொட்டிக்கொண்டிருக்கும்போதே, 2014 பிப்ரவரியில் அதைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார். காசைப் பார்த்துப் பயந்த ஒரே கேம்காரர் அவராகத்தான் இருப்பார் என்று நினைக்கிறேன்.

"டைம்பாஸ்தானேடா, இதுக்குப் போய் ஏன் பொங்குற?" என்று கேட்கலாம். ஏன் பொங்குகிறேன் என்றால் என் சித்தி பையனால். பிளஸ் டூ படிக்கிறான். போன மாசம் ஊரில் கோவில் கொடை. ராத்திரி கரகாட்டம், தெரு முழுக்க ஜனம். இவன் மட்டும் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில், சிக்னல் கிடைக்கிற ஒரே இடத்தில், போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஏதோ ஒரு கேம், பெயர் வேண்டாம். பன்னிரண்டு மணிக்குள் உள்ளே போய் அன்றைய பெட்டியைத் திறக்க வேண்டுமாம். "விளையாடப் போறியா?" என்றேன். "இல்லண்ணே, விளையாட பிடிக்கல. அது போர் அடிச்சு ரொம்ப நாளாச்சு. 211 நாளு ஆயிருச்சு, விட மனசு வரல" என்றான். பெட்டி திறந்தது. உள்ளே என்ன இருந்தது என்று அவன் பார்க்கக்கூட இல்லை. போனை அணைத்துவிட்டுக் கரகாட்டத்துக்கு ஓடினான். அந்தக் கம்பெனியின் அன்றைய கணக்கில் அவனும் ஒரு எண். நாளைக்கு எவனோ ஒருவன் என்னிடம் வந்து "கோடிப் பேர் ஆடுறாங்க" என்று சொல்லும்போது அந்தக் கோடியில் இவனும் இருப்பான். பிடிக்கவில்லை என்று அவனே வாயால் சொன்னவன்!

அதனால் ஆடுகிறவர்களை முட்டாள் என்று நான் சொல்லவில்லை. முட்டாள்களை வளைக்க இவ்வளவு மூளை தேவைப்படாது. ஆனால் "உனக்கு ரசனை இல்லை" என்று என்னிடம் வருகிறவர்கள் தயவுசெய்து ரசனையோடு வாருங்கள். ஒரு ஷாட்டைச் சொல்லுங்கள், ஒரு இடத்தைச் சொல்லுங்கள், தோற்கவிருந்து ஜெயித்த ஒரு மேட்சைச் சொல்லுங்கள், நான் டீ வாங்கித் தந்து கேட்கிறேன்.

பக்கத்து ரூம் நண்பனிடம் நேற்று இதைத்தான் கேட்டேன். அல்டிமேட் டீமில் நாலு வருஷ அனுபவஸ்தன். போன வருஷப் பதிப்பில் உன் டீமில் யார் யார் இருந்தார்கள் என்றேன். ஐந்து பெயர் சொன்னான். மீதி ஆறு பேருக்கு விட்டத்தைப் பார்த்தான். சரி, 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் என்றேன். மெஸ்ஸி 23ல் பெனால்டி, டி மரியா 36, எம்பாப்பே 80, அடுத்த நிமிஷமே 81, மறுபடி மெஸ்ஸி 108, எம்பாப்பே 118 என்று மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு, அந்த மேட்சைப் பார்த்த ராத்திரி மெஸ்ஸில் தோசைக்கல்லைத் தட்டிக் கொண்டாடியது வரைக்கும் சொல்ல ஆரம்பித்துவிட்டான்.